ஒரு டன் தீவனத்துக்கு எத்தனை கிலோ சோயா? நேரியல் திட்டமிடலை வேலைக்கு எடுக்கும் முறை

ஒரு லட்சம் முட்டைக்கோழி உள்ள பண்ணையில் கோழிக்கு 110 கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 11 டன் தீவனம் இறங்குகிறது. டன்னுக்கு 100 ரூபாய் குறைந்தால் ஆண்டுக்கு நான்கு லட்சம் மிச்சம். நாமக்கல் பக்கம் தீவன விலையைப் பைசாக் கணக்கில் பேசுவதற்குக் காரணம் இதுதான். அந்த 100 ரூபாயைச் சத்தில் கைவைக்காமல் எடுப்பதற்கு நேரியல் திட்டமிடல் என்ற கணக்கு இருக்கிறது: வைத்த எல்லைகளை மீறாமல் மிக மலிவான கலவையைத் தேடுவது. பள்ளியில் இரண்டு கோடு வரைந்து மூலையைக் கண்டுபிடித்த அதே பாடம்தான். இங்கே மாறிகள் ஆறு, கோடுகளுக்குப் பதில் சத்துகள், வேலையைச் செய்வது கணினி.

கணினி விடை தருவது கடினமான பகுதி அல்ல, ஒரு நொடியில் தந்துவிடும். கடினமான பகுதி, நீங்கள் கேட்க நினைத்ததையே எழுதுவது. எழுதாமல் விட்ட ஒவ்வொரு இடைவெளியிலும் கணக்கு நுழைந்து வெளியே வரும். இந்தக் கணக்கைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை 1947-இல் உருவாக்கிய ஜார்ஜ் டான்சிக்கே இதில் மாட்டியவர். 1950-களின் தொடக்கத்தில் தன் எடையைக் குறைக்க ஒரு உணவுப் பட்டியலைக் கணினியில் போட்டார். வயிறு நிறைந்த உணர்வு வேண்டும் என்பதற்காக, உணவின் எடையில் நீரைக் கழித்த மீதியை அதிகமாக்கச் சொன்னார். நாளுக்கு 500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது கணினி. வினிகரில் நீர் என்ற கட்டத்தில் சுழியம் இருந்ததே காரணம். வினிகரை நீக்கியதும் நாளுக்கு 200 சூப் கட்டிகளைச் சாப்பிடச் சொன்னது. உப்புக்கு மேல் எல்லை போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. தீவனக் கணக்கில் நடக்கும் தவறுகள் எல்லாம் இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள்தான்.

முதல் வேலை: எண்களைத் திரட்டுவது

1,000 கிலோ பேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள விலையும் சத்தும் கணக்கைக் காட்டுவதற்கான மாதிரி எண்கள். உங்கள் சரக்குக்கு உங்கள் ஆய்வக எண்ணையே போட வேண்டும். வரிசை: கிலோ விலை, கிலோவுக்கு வளர்சிதை ஆற்றல் (கோழியின் உடல் பயன்படுத்தக்கூடிய ஆற்றல்); பிறகு புரதம், கால்சியம், கிடைக்கும் பாஸ்பரஸ், புரதத்தின் அங்கங்களான லைசின், மெத்தியோனின் ஆகியவை விழுக்காட்டில்.

மக்காச்சோளம்: 24 ரூபாய், 3,300 கிலோ கலோரி, 8.8; 0.02; 0.08, 0.25, 0.18
சோயா புண்ணாக்கு: 42 ரூபாய், 2,300, 46, 0.30, 0.22, 2.80, 0.62
எண்ணெய் எடுத்த தவிடு: 16 ரூபாய், 1,900, 14.5, 0.10, 0.25, 0.55, 0.25
சுண்ணாம்புக் கல் அல்லது கிளிஞ்சல்: 4 ரூபாய், கால்சியம் மட்டும் 38
டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்): 55 ரூபாய், கால்சியம் 23, பாஸ்பரஸ் 18
டி.எல். மெத்தியோனின்: 320 ரூபாய், மெத்தியோனின் 99

உப்பு 3 கிலோ, வைட்டமின் பிரீமிக்ஸ் வகையறா 3 கிலோ எப்போதும் மாறாதவை. ஆகவே கணக்குக்கு மீதி 994 கிலோ. மெத்தியோனின் பொடியிலும் கொஞ்சம் புரதமும் ஆற்றலும் உண்டு. ஒரு கிலோ அளவில் அது பொருட்டல்ல என்பதால் விட்டிருக்கிறோம்.

தீவனத்தில் வேண்டியவை: ஆற்றல் குறைந்தது 2,600 கிலோ கலோரி, புரதம் குறைந்தது 17 விழுக்காடு, கால்சியம் 3.8 முதல் 4.2 வரை, கிடைக்கும் பாஸ்பரஸ் குறைந்தது 0.35, லைசின் 0.80, மெத்தியோனின் 0.38. தவிடு டன்னுக்கு 120 கிலோவைத் தாண்டக் கூடாது.

எண்களை உள்ளே போடும் முன் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, எல்லாச் சத்தும் ஒரே அடிப்படையில் இருக்கிறதா? சில அறிக்கைகள் உலர்பொருள் அடிப்படையில் வரும், சில சரக்கு வந்தபடியே இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் கணக்கு எந்த எச்சரிக்கையும் தராது, விடை மட்டும் பொய்யாகும். இரண்டாவது, மக்காச்சோளத்தின் ஈரம். 3,300 கிலோ கலோரி என்பது 12 விழுக்காடு ஈரத்துக்கான எண் என்று வைப்போம். வண்டியில் வந்தது 15 விழுக்காடு ஈரம் என்றால் உலர்பொருள் 88-இலிருந்து 85-ஆகக் குறைகிறது, ஆற்றலும் அதே விகிதத்தில் 3,188-க்கு இறங்குகிறது. டன்னில் 582 கிலோ மக்காச்சோளம் போகும்போது தீவனத்தின் ஆற்றல் கிலோவுக்கு 65 கிலோ கலோரி குறைந்துவிடும். காகிதத்தில் 2,600, தொட்டியில் 2,535. கோழி கூடுதலாகத் தின்று அதை ஈடுகட்டப் பார்க்கும். அந்தச் செலவு தீவனக் கணக்கில் எங்கும் தெரியாது.

மாறி, குறிக்கோள், கட்டுப்பாடு

ஆறு சரக்குக்கும் ஆறு மாறிகள், ஒவ்வொன்றும் டன்னுக்கு எத்தனை கிலோ என்பது. குறிக்கோள் சார்பு: விலை பெருக்கல் கிலோ, எல்லாவற்றையும் கூட்டி, அதைச் சிறிதாக்கு. கட்டுப்பாடுகளை டன் அளவில் எழுதுங்கள். புரதம் 17 விழுக்காடு என்றால் 170 கிலோ:

0.088 × மக்காச்சோளம் + 0.46 × சோயா + 0.145 × தவிடு ≥ 170

கால்சியம் 38-க்கும் 42-க்கும் இடையே, பாஸ்பரஸ் 3.5, லைசின் 8, மெத்தியோனின் 3.8. ஆற்றலை மட்டும் ஆயிரம் கிலோ கலோரி அலகில் எழுதுங்கள்: 3.3, 2.3, 1.9 என்று வைத்து வலப்பக்கம் 2,600. இருபத்தாறு லட்சமும் 3.5-உம் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கணினியின் தோராய வரம்பு சிறிய எண்ணை விழுங்கிவிடக்கூடும். அலகைச் சரியாக்கினால் அந்தத் தொல்லையே வராது.

மொத்த எடை வரி சமக்குறியோடு: ஆறும் சேர்ந்து 994. இந்த ஒரு வரியை மறப்பது புதிதாகத் தொடங்குபவர்களின் வழக்கமான தவறு. இதே எண்களை வைத்து அந்த வரியை நீக்கினால், தவிடு தன் உச்சமான 120 கிலோவுக்கு ஏறி, உப்பு பிரீமிக்ஸோடு சேர்த்து மொத்தம் 1,016 கிலோ வரும். சத்து எல்லாம் சரி, செலவும் குறைவு. ஆனால் அந்தச் சத்து 1,016 கிலோவில் பரவிக் கிடக்கிறது. ஆற்றல் கிலோவுக்கு 2,558 மட்டும்.

சத்துக்குச் சமக்குறி போடாதீர்கள். புரதம் சரியாக 17 என்று எழுதினால், 17.3 விழுக்காட்டுப் புரதத்தோடு மலிவாகக் கிடைக்கும் கலவையைக் கணக்கு தள்ளிவிடும். சத்தைக் குறைப்பதற்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள். ‘குறைந்தது’, ‘அதிகபட்சம்’ என்று இரு பக்கமும் எல்லை வைத்து நடுவில் இடம் விடுவதே முறை.

விகிதங்களும் வரும். ஆயிரம் கிலோ கலோரிக்கு இத்தனை கிராம் லைசின் என்பது பார்வைக்கு வகுத்தல், அதாவது நேரியல் அல்ல; நேரியலில் மாறிகளை எண்களால் பெருக்கிக் கூட்ட மட்டுமே முடியும். இருபுறமும் ஆற்றலால் பெருக்கி, லைசின் கழித்தல் விகிதம் பெருக்கல் ஆற்றல் ≥ 0 என்று எழுதிவிட்டால் நேரியல் ஆகிவிடும்.

கணினியில் போடுவது

விரிதாளே போதும். மேல் வரிசையில் சரக்குப் பெயர், அடுத்த வரிசையில் விலை, அதற்கடுத்து கிலோ வருவதற்கான வெற்றுக் கட்டங்கள், கீழே சத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு சத்து வரிசையின் கடைசியிலும் ‘சம்ப்ராடக்ட்’ சூத்திரத்தால் கிலோவையும் சத்தையும் பெருக்கிக் கூட்டுங்கள். அதற்குப் பக்கத்தில் வேண்டிய அளவு. எக்ஸெலில் சால்வர் என்ற துணைநிரலை இயக்கி, முறை என்ற இடத்தில் ‘சிம்ப்ளெக்ஸ் எல்.பி.’ தேர்ந்தெடுங்கள். இயல்பாக இருப்பது நேரியல் அல்லாத கணக்குக்கான முறை, அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். மாறிகள் எதிர்மறை ஆகக் கூடாது என்ற பெட்டியிலும் குறி வேண்டும். அது இல்லாவிட்டால் கணக்கு சோயாவை விற்று லாபம் பார்க்கும். எக்ஸெலோடு வரும் சால்வர் 200 மாறிகள் வரை தாங்கும். லிப்ரே ஆபீஸிலும் சால்வர் உண்டு. பல ஆலை, பல தீவனம் என்று பெரிதானால் பைத்தானில் பல்ப் நூலகமும், அதன் பின்னால் சி.பி.சி. அல்லது ஹைஸ் தீர்வியும் (கணக்கைத் தீர்க்கும் நிரல்) இலவசமாகக் கிடைக்கின்றன.

மேலே உள்ள எண்களுக்கு விடை:

மக்காச்சோளம் 581.92 கிலோ
சோயா 235.25
தவிடு 72.95
கல் 89.79
டி.சி.பி. 12.97
மெத்தியோனின் 1.12

செலவு டன்னுக்கு 26,445 ரூபாய், உப்பும் பிரீமிக்ஸும் தனி. ஆற்றல், புரதம், கால்சியம், பாஸ்பரஸ், மெத்தியோனின் ஐந்தும் கீழ் எல்லையிலேயே ஒட்டி நிற்கின்றன. லைசின் மட்டும் 0.80 கேட்டதற்கு 0.844 இருக்கிறது. புரதத்துக்காகப் போட்ட சோயாவோடு அது இலவசமாக வந்துவிட்டது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் போகிறது.

நிழல் விலையைப் படியுங்கள்

பெரும்பாலானோர் கிலோக் கணக்கை எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிடுகிறார்கள். அதைவிடப் பயனுள்ளது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எக்ஸெலில் ‘சென்சிடிவிட்டி’ அறிக்கையைக் கேட்டால் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் நிழல் விலை வரும். அந்தக் கட்டுப்பாட்டை ஓர் அலகு இறுக்கினால் மொத்தச் செலவு எவ்வளவு கூடும் என்பதே அதன் பொருள். நம் கணக்கில்:

ஆயிரம் கிலோ கலோரி ஆற்றலுக்கு 9.03 ரூபாய்
ஒரு கிலோ புரதத்துக்கு 67.16
ஒரு கிலோ கால்சியத்துக்கு 43.62
ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு 319.68
ஒரு கிலோ மெத்தியோனினுக்கு 335.94
லைசினுக்குச் சுழியம்
மொத்த எடைக்கு −12.58

இப்போது கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் வரும். புரதத்தை 17-இலிருந்து 17.5 ஆக்கினால்? டன்னுக்கு 5 கிலோ புரதம் கூடுதல், 5 × 67.16, அதாவது 336 ரூபாய். ஆற்றலை 25 கிலோ கலோரி ஏற்றினால்? 226 ரூபாய். லைசினை 0.82 ஆக்கினால் ஒரு பைசா கூடாது. கோழி மருத்துவர் ‘கொஞ்சம் புரதத்தைக் கூட்டலாமே’ என்றால், அந்தக் ‘கொஞ்சத்தின்’ விலையைப் பேச்சு முடியும் முன்பே சொல்லிவிடலாம்.

மொத்த எடையின் −12.58 ரூபாய் பலரைக் குழப்பும். இது இடத்தின் வாடகை. டன்னில் ஒரு கிலோ இடம் கூடுதலாகக் கிடைத்தால் 12.58 ரூபாய் மிச்சம் என்று பொருள். திருப்பிப் பார்த்தால், சத்தே இல்லாத எந்தப் பொருளைச் சேர்த்தாலும் அதன் சொந்த விலையோடு கிலோவுக்கு 12.58 ரூபாய் வாடகையும் சேர்கிறது. டன்னுக்கு 2 கிலோ நச்சுப் பிடிப்பான் (பூஞ்சை நச்சைப் பிடித்துவைக்கும் பொடி) சேர்க்கச் சொல்கிறார் விற்பனையாளர். அவர் சொல்லும் விலைக்கு மேல் 25 ரூபாய் போட்டுப் பாருங்கள்.

புதுச் சரக்கு வரும்போதும் இதே எண்கள்தான் துணை. கம்பு கிடைக்கிறது, கிலோ 23 ரூபாய் என்று வைப்போம். ஆற்றல் 2,700, புரதம் 12, கால்சியம் 0.05, பாஸ்பரஸ் 0.12, மெத்தியோனின் 0.24. நிழல் விலையில் அதன் மதிப்பைக் கூட்டுங்கள்: ஆற்றலுக்கு 24.38, புரதத்துக்கு 8.06, மெத்தியோனினுக்கு 0.81, பாஸ்பரஸுக்கு 0.38, கால்சியத்துக்கு 0.02. இடவாடகை 12.58-ஐக் கழித்தால் 21.07 ரூபாய். அதற்கு மேல் கம்பு வாங்கினால் நட்டம். 23 ரூபாய்க்கு அதைக் கணக்கில் சேர்த்து ஓட்டினால் விடையில் சுழியம் கிலோவும், குறைய வேண்டிய விலை என்று 1.93-உம் காட்டும். பேரம் பேச வேண்டிய தொகை அதுவே. எண்ணெயும் அப்படித்தான்: கிலோவுக்கு 8,800 கிலோ கலோரி என்றால் இந்தக் கணக்கில் அதன் மதிப்பு 66.88 ரூபாய். அந்த விலைக்குக் கீழே வந்தால் மட்டும் எண்ணெய் உள்ளே வரும்.

ஒரு எச்சரிக்கை. நிழல் விலை ஓர் எல்லை வரையில்தான் செல்லும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதுவரை கூடலாம், எதுவரை குறையலாம் என்று அறிக்கை பக்கத்திலேயே தரும். அதைத் தாண்டினால் மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

விடையே இல்லை என்று வந்தால்

ஆற்றல் 2,750 வேண்டும் என்று மாற்றி ஓட்டினால் ஏற்புடைய தீர்வு இல்லை என்று வரும். ஏன் என்று கணினி சொல்லாது. கட்டுப்பாடுகளை ஒன்றொன்றாக நீக்கிப் பார்ப்பது நேரத்தைத் தின்னும். நல்ல வழி: ஒவ்வொரு சத்து வரியிலும் ‘குறைபாடு’ என்று ஒரு மாறியைச் சேர்த்து, அதற்குக் குறிக்கோளில் மிக அதிகமான அபராத விலை போடுங்கள். இப்போது கணக்கு கட்டாயம் ஓடும், எந்தச் சத்து எவ்வளவு குறைகிறது என்பதும் தெரியும். இங்கே நடந்தது இது: டன்னில் 104 கிலோ இடத்தைக் கல்லும் டி.சி.பி.யும் மெத்தியோனினும் பிடித்துக்கொண்டன. மீதி 890 கிலோவில் 17 விழுக்காட்டுப் புரதத்தையும் தந்துகொண்டு, தவிட்டை முற்றிலும் நீக்கினாலும், ஆற்றல் ஏறக்குறைய 2,690-ஐத் தாண்டாது. கேட்ட இரண்டும் ஒரே பையில் கொள்ளவில்லை, அவ்வளவுதான். எண்ணெய் சேர்க்க வேண்டும், அல்லது ஏதாவது ஒரு சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

அபராத விலையைக் கண்டபடி கோடிக்கணக்கில் வைக்க வேண்டாம். நிழல் விலையைப் போல நூறு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் முன்பு சொன்ன அலகுச் சிக்கல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும்.

சராசரி என்ற பொறி

சோயாவின் புரதம் 46 என்றோம். அது பல லோடுகளின் சராசரி. சராசரியைப் போட்டு, கட்டுப்பாட்டைக் கீழ் எல்லையில் ஒட்ட வைத்தால் என்ன ஆகும்? ஏறக்குறைய பாதி லோடுகளில் தீவனம் 17-க்குக் கீழே போகும். மிகச் சிறந்த விடையைத் தேடும் இந்த வகைக் கணக்கு (உகப்பாக்கம்) எப்போதும் விடையை எல்லைக்குத் தள்ளும். அதனால் சராசரியில் உள்ள சின்னப் பிழைகூட நேராகத் தொட்டிக்கு வந்து சேரும்.

எளிய மருந்து: சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தில் (லோடுக்கு லோடு எண் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) பாதியைக் கழித்துப் போடுங்கள். மதிப்புகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால் நூற்றுக்கு 69 லோடுகள் அந்த எண்ணுக்கு மேலே இருக்கும். திட்டவிலக்கம் 1.2 என்றால் 46-க்குப் பதில் 45.4. இதற்கு என்ன செலவு? 235 கிலோ சோயாவில் 0.6 விழுக்காடு, 1.4 கிலோ புரதம், நிழல் விலைப்படி ஏறக்குறைய 95 ரூபாய். இந்த 95 ரூபாயை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் முட்டையில் அதைத் தொலைக்கிறார்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. இன்னொரு வழி, திட்டவிலக்கத்தையே குறைப்பது. ஒரே ஆலையின் சோயாவை வாங்குவது, லோடுக்கு லோடு பரிசோதிப்பது. அந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதையும் மேலே உள்ள கணக்கே சொல்லிவிடும்.

பூஞ்சை நச்சும் நேரியல்தான். மக்காச்சோளத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு 30 பிபிபி (நூறு கோடியில் 30 பங்கு) என்றால், 58.2 விழுக்காடு சேரும்போது தீவனத்துக்கு அதனால் வருவது 17.5 பிபிபி. 20-ஐ மேல் எல்லையாக ஒரு வரியில் எழுதுங்கள். மாதிரி எடுத்த இடத்தைப் பொறுத்து இந்த எண் பெரிதும் மாறும் என்பதால், இதற்கு மட்டும் பாதித் திட்டவிலக்கம் போதாது. மூட்டைகளின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியை அனுப்புங்கள்.

தராசுக்கு ஏற்ற எண்

581.92 கிலோவை யாரும் நிறுக்கப் போவதில்லை. அப்படியே முழு எண்ணாக்கினால் 582, 235, 73 வரும், புரதம் 16.99-க்கு நழுவும். சோயாவை மேலே ஏற்றித் தவிட்டைக் குறையுங்கள்: 582, 236, 72, கல் 89.85, டி.சி.பி. 13, மெத்தியோனின் 1.15. எல்லாச் சத்தும் நிற்கிறது, செலவு டன்னுக்கு 29 ரூபாய் கூடுகிறது. சரக்கு 50 கிலோ மூட்டையாகத்தான் போகும் என்ற இடத்தில் கையால் முழுமையாக்குவது சரிவராது. மாறியை மூட்டை எண்ணிக்கையாக்கி முழு எண் என்று அறிவியுங்கள்.

‘போட்டால் குறைந்தது 20 கிலோ, இல்லாவிட்டால் வேண்டாம்’ என்ற நிபந்தனை அடிக்கடி வரும். 3 கிலோவுக்காக ஒரு தொட்டியைத் திறக்க எந்த மேற்பார்வையாளரும் விரும்பமாட்டார். இதற்கு 0 அல்லது 1 மட்டுமே எடுக்கும் ஓர் இருநிலை மாறி வேண்டும். சரக்கு ≥ 20 × இருநிலை, சரக்கு ≤ 100 × இருநிலை. அந்த 100 உண்மையான உச்சமாக இருக்கட்டும். பத்து லட்சம் என்று போட்டு வைத்தால் தீர்வி தடுமாறும். முழு எண் சேர்ந்ததும் நிழல் விலை பொருளிழக்கும், எக்ஸெலும் அந்த அறிக்கையைத் தராது. ஆகவே முதலில் முழு எண் இல்லாமல் ஓட்டி விலைகளைப் படித்துவிட்டு, பிறகு சேருங்கள்.

கணக்குக்குத் தெரியாதவையும் உண்டு. கல்லில் பாதி குருணையாக இருந்தால் இரவு முழுவதும் இரைப்பையில் கரைந்து ஓட்டுக்குக் கால்சியம் தரும், மாவாக இருந்தால் சீக்கிரம் போய்விடும். 38 விழுக்காடு என்ற எண் இரண்டுக்கும் ஒன்றே. வேண்டுமானால் குருணையையும் மாவையும் இரு மாறிகளாகப் பிரித்து விகிதம் எழுதுங்கள். நேற்று 73 கிலோ தவிடு போன இடத்தில் இன்று சுழியம் என்று கலவை குதித்தால் கோழி தீவனத்தை ஒதுக்கும். நேற்றைய அளவிலிருந்து 20 கிலோவுக்கு மேல் மாறக் கூடாது என்று ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும்.

இதே எலும்புக்கூடு வேறு உடல்களில்

புற்றுநோய்க்கான கதிர்வீச்சுத் திட்டத்தில் மாறிகள் கதிர்க்கற்றையின் சிறு துண்டுகளின் செறிவு. நோயாளியின் ஸ்கேனைச் சிறு கனசதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கனசதுரத்துக்கு எவ்வளவு டோஸ் தரும் என்ற அணியை (எண் அட்டவணையை) முன்பே கணக்கிடுகிறார்கள். அந்த அணி, நம் சத்து அட்டவணையின் இடத்தில் நிற்கிறது. கட்டிக்குக் கீழ் எல்லை, தண்டுவடத்துக்கு மேல் எல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எல்லாவற்றையும் கடுமையான கட்டுப்பாடாக எழுதினால் பெரும்பாலும் தீர்வு இருக்காது. அதனால் அங்கே அபராத முறையே வழக்கம். தண்டுவடத்தின் உச்ச எல்லையை மட்டும் அபராதத்துக்கு விடாமல் கடுமையாக வைப்பதே பாதுகாப்பு. ‘நுரையீரலில் 20 கிரேக்கு (கதிர்வீச்சு டோஸின் அலகு) மேல் வாங்கும் பகுதி 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது’ என்ற வகை நிபந்தனை இன்னும் சிக்கலானது. எந்தக் கனசதுரங்கள் அந்த 30-இல் சேரலாம் என்பதை முடிவுசெய்யக் கனசதுரத்துக்கு ஓர் இருநிலை மாறி தேவைப்படும்.

உயிரியலில் ஃப்ளக்ஸ் சமநிலைப் பகுப்பாய்வு இதன் உறவு. செல்லுக்குள் நடக்கும் ஒவ்வொரு வினையின் வேகமும் ஒரு மாறி. ஒவ்வொரு வளர்சிதைப் பொருளும் உருவாகும் வேகமும் செலவாகும் வேகமும் சமம் என்பது கட்டுப்பாடு. வளர்ச்சியைப் பெரிதாக்குவது குறிக்கோள். இதற்கான பைத்தான் நூலகமான கோப்ராபையோடு வரும் ஈ.கோலை பாக்டீரியாவின் அடிப்படை மாதிரியில் குளுக்கோஸ் உள்வாங்கலை 10 மில்லிமோல் என்ற எல்லையில் விட்டு ஓட்டினால் வளர்ச்சி மணிக்கு 0.874 வரும். ஆக்சிஜனை அடைத்தால் 0.212. உங்கள் கணினியில் இந்த இரண்டு எண்ணும் வந்தால் நிறுவல் சரி. இங்கே கவனம் வேண்டியது ஒன்று: வளர்ச்சி விகிதம் ஒரே எண்ணாக இருந்தாலும், அதைத் தரும் வினை வேகங்கள் பல விதமாக இருக்கலாம். ஒரு விடையைப் பார்த்துவிட்டு ‘இந்த வினை இவ்வளவு ஓடுகிறது’ என்று எழுதக் கூடாது. வளர்ச்சியை உச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வினையையும் தனித்தனியே சிறிதாக்கியும் பெரிதாக்கியும் அதன் வீச்சைப் பாருங்கள். தீவனத்திலும் இது நடக்கும், இரண்டு சரக்கு ஏறக்குறைய ஒரே மதிப்பில் இருக்கும் நாளில்.

ஓட்டிய பிறகு

விடை வந்ததும் சால்வரை நம்பாமல் ஒரு சத்தையாவது கையால் கூட்டிப் பாருங்கள். புரதம்: 582 × 0.088 = 51.2; 236 × 0.46 = 108.6, 72 × 0.145 = 10.4, மொத்தம் 170.2. மூன்று பெருக்கல்தான், ஆனால் தப்பான வரிசையைச் சூத்திரம் பிடித்திருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

மக்காச்சோளமோ சோயாவோ விலை மாறும்போதெல்லாம், புது லோடின் அறிக்கை வரும்போதெல்லாம் மீண்டும் ஓட்டுங்கள். தேதி, விலை, சத்து எண்கள், விடை, நிழல் விலை ஐந்தையும் ஒரே தாளில் சேமியுங்கள். பழைய தாளை அழித்து அதன் மேல் எழுதாதீர்கள். முட்டை குறைந்தால் மூன்று வாரத்துக்கு முந்தைய கலவையைத்தான் தேட வேண்டியிருக்கும்.

மிக்ஸரிலிருந்து இறங்கிய தீவனத்தின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, கணக்கு சொன்ன புரதத்தோடும் கால்சியத்தோடும் ஒப்பிடுங்கள். ஒரு முறை குறைந்தால் மாதிரிப் பிழையாக இருக்கலாம். தொடர்ந்து மூன்று முறை புரதம் மட்டும் குறைந்தால் சோயாவின் எண்ணைத் திருத்துங்கள். புரதம் சரியாக இருந்து கால்சியம் மட்டும் ஒரு மாதிரியில் 3.2, அடுத்ததில் 4.5 என்று ஆடினால் அட்டவணையில் கைவைக்க வேண்டாம், மிக்ஸரின் கத்தியையும் கலக்கும் நேரத்தையும் பாருங்கள்.